காரீய நஞ்சும் கால்நடைகளும்



தமிழகத்தை விட்டு வெளியே வந்து, தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மிற் பலருக்கு, மாட்டோடு உள்ள உறவு காலைக் காப்பியோடு நின்றுவிட்டது. பால் வருகிறது, காய்ச்சுகிறோம், குடிக்கிறோம். பசு எங்கே கட்டியிருக்கிறது, எதைத் தின்கிறது, எதை நக்குகிறது என்று நாம் கேட்பதில்லை. ஆகவே கால்நடைகளுக்கு ஏற்படும் ஒரு நஞ்சைப் பற்றி நான் பேசப் புகுந்தால், 'இது கிராமத்தாருக்குரிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு?' என்று சிலர் எண்ணக்கூடும். அந்த நஞ்சு பெரும்பாலும் நம்முடைய வீடுகளிலிருந்தே புறப்படுகிறது என்பதையும், சுற்றிச் சுழன்று நம்முடைய வீடுகளுக்கே திரும்பி வரக்கூடும் என்பதையும் எடுத்துச் சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். நடுவணரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவன். பிறர் எழுதியதைத் தமிழில் பெயர்த்து எழுதுவதே என் தொழில். அந்தத் தொழிலின் வாயிலாகத்தான் இந்த விஷயம் முதன்முதலில் என் மேசைக்கு வந்தது. கால்நடைகளுக்கு ஈயத்தால் ஏற்படும் நஞ்சைப் பற்றிய சிறு வெளியீடு அது. அதைத் தமிழாக்கும்போது முதற் சொல்லிலேயே இடறினேன்.

தமிழில் 'ஈயம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அது எந்த உலோகம்? நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார்களே, அது வெள்ளீயம். தஞ்சை, கும்பகோணம் பக்கத்து வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியதே. மாட்டைக் கொல்லும் உலோகம் அதுவன்று, அது காரீயம். ஆனால் காரீயம் என்று எழுதினாலும் தொல்லை தீரவில்லை. பென்சிலின் உள்ளே இருக்கும் கருநிறக் குச்சியையும் நாம் காரீயம் என்றே சொல்லி வருகிறோம். அதில் இந்த உலோகம் அணுவளவும் இல்லை. அது கரியின் ஒரு வகை. ஆகவே, 'பாட்டரித் தகடுகளிலும் பழைய வண்ணப்பூச்சுகளிலும் உள்ள காரீயம்' என்று நீட்டி எழுதினேன். இங்கும் இனிக் காரீயம் என்று நான் சொல்லும்போது அதனையே கொள்க.

அந்த வெளியீட்டைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் மறந்தும் போனேன். அது எனக்கு மீண்டும் நினைவு வந்தது 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில்.

தில்லியின் தென்புறத்தில், அரியானா எல்லையை அடுத்த ஒரு குடியிருப்பில் அப்போது நாங்கள் இருந்தோம். எங்களுக்கும் சுற்றியிருந்த சில தமிழ்க் குடும்பங்களுக்கும் பால் ஊற்றியவர் அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த ஒரு முதியவர். அவரைச் சௌத்ரி சாஹிப் என்று அழைப்போம். ஆறு எருமைகள், அவற்றின் கன்றுகள், ஒரு கிடாரி. அதுவே அவருடைய உலகம். என் தாயார் ஊரில் மாடுகளோடு வளர்ந்தவர். இந்தி அதிகம் தெரியாது. ஆயினும் மாலை நேரத்தில் அந்தத் தொழுவம் வரை நடந்து சென்று, கன்றுகளைத் தடவிக்கொடுத்து வருவதில் அவருக்கு ஒரு தனி நிறைவு உண்டு. சௌத்ரியும் "அம்மாஜி, வாருங்கள்" என்று ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுப்பார்.

ஒரு நாள் மாலை என் தாயார் திரும்பி வந்து, "அங்கே ஒரு கன்றுக்குக் கண் தெரியவில்லையடா. சுவரில் போய் முட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது" என்றார். "வெயிலாக இருக்கும், அம்மா" என்று சொல்லிவிட்டு நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலை அந்தக் கன்று வலிப்புக் கண்டு இறந்துபோயிற்று.

நேயர்களே, 'திடீர்க் குருடு, சுவரிலோ கம்பத்திலோ தலையை அழுத்தி நிற்றல், பல் கடித்தல், பின்னர் வலிப்பு.' இந்தச் சொற்களை இந்த வரிசையிலேயே நான் தமிழில் எழுதியவன். என் தாயார் அவற்றை ஒவ்வொன்றாக என் காதில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. எழுத்தில் அறிந்தது கண்ணெதிரே வந்தபோது நான் அதை அடையாளம் காணவில்லை. அன்று மாலை இன்னொரு கன்றும் கிடாரியும் தீனி எடுக்கவில்லை என்று அம்மா சொன்ன பிறகுதான், அலுவலகத் தாள் என் நினைவுக்கு வந்தது.

இந்த நஞ்சு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இங்கே சற்றுப் பார்ப்போம். ஆடு தன் இதழ்களால் இலையைத் தேர்ந்து கொய்கிறது. மாடோ நாக்கைச் சுழற்றி, வந்ததையெல்லாம் வாரி உள்ளே தள்ளுகிறது. அன்றியும் புதிய பொருள் எதைக் கண்டாலும் நக்கிப் பார்ப்பது அதன் இயல்பு. கன்றுகள் இதில் இன்னும் ஆவல் மிக்கவை. காரீயத்தின் சில சேர்மங்கள் இனிப்பாகவும் இருக்கும். தீனியில் பாஸ்பரஸ் முதலிய தாதுச் சத்துகள் குறைந்த மாடுகள் மண்ணையும் எலும்பையும் தகரத்தையும் தேடித் தின்னும் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே உடைந்த பாட்டரி ஒன்று மாட்டுக்கு எட்டும் இடத்தில் கிடந்தால், அதை மாடு விட்டு வைக்காது.

விழுங்கிய தகட்டுத் துண்டு கனமானது. மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் தேன்கூடு போன்ற மடிப்புகளையுடைய இரண்டாம் அறையில் அத்துண்டு தங்கிவிடுகிறது. அங்கே இருந்துகொண்டு சிறிது சிறிதாகக் கரைகிறது. கரைந்தது இரத்தத்தில் ஏறிச் சிவப்பணுக்களைப் பற்றிக்கொள்கிறது. மூளைக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்கிறது. இறுதியில் சுண்ணாம்புச் சத்துக்குரிய இடத்தைத் தான் கவர்ந்துகொண்டு எலும்பில் குடியேறுகிறது. இரத்தம் ஊறும் வேலையையும் அது தடுக்கிறது. கன்றுகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை ஒரே வேளையில் சென்றால் உயிருக்கு ஆபத்து என்று நூல்கள் கூறுகின்றன. நூறு கிலோக் கன்றுக்கு அது 40 முதல் 60 கிராம் வரை ஆகும். ஒரு வீட்டு இன்வர்ட்டர் பாட்டரியின் எடையிலோ பாதிக்கு மேல் காரீயமே. எத்தனை கன்றுகளுக்கு ஒரு பாட்டரி போதும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அறிகுறிகள் இரண்டு வகையாகத் தோன்றும். கன்றுகளில் நோய் திடீரென்று பாயும். காதும் இமையும் துடிக்கும், வாயில் நுரை தள்ளும், கால் தள்ளாடும், கதறும், வலிப்பு வரும். ஓரிரு நாளில், சிலவேளை சில மணி நேரத்தில், முடிந்துவிடும். வளர்ந்த மாடுகளில் சற்று மெதுவாக வரும். தீனி மறுக்கும், அசைபோடுவது நின்றுவிடும், முதலில் மலச்சிக்கலும் பின்னர் துர்நாற்றமுள்ள கழிச்சலும் காணும், சோர்ந்து, பார்வையின்றி, ஓரிடத்திலேயே நிற்கும். குதிரைகளுக்கு நாட்பட்ட நஞ்சினால் குரல்வளை தளர்ந்து, மூச்சுவிடும்போது உறுமல் ஓசை எழுவதுண்டு.

இவற்றைக் கேட்டதும் நம் நாட்டில் யாருக்கும் முதலில் தோன்றுவது வெறிநோய்தான். அந்தச் சிற்றூரிலும் அவ்வாறே தோன்றிற்று. "நாய் கடித்திருக்கும், மாட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, கிட்டே போகாதீர்கள்" என்று ஊரார் சொல்லிவிட்டனர். அந்த அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். அது நல்ல அச்சம். வெறிநோய் கண்ட மாட்டின் வாயில் கையை விடுவது சாவை அழைப்பதற்கு ஒப்பாகும். நுரை தள்ளிக் கதறும் மாடு எதுவாயினும், காரணம் தெளியும்வரை வெறுங்கையால் அதன் வாயைத் தொடலாகாது. மருந்து புகட்டவும் முயலலாகாது. ஆனால் வெறிநோய் என்று நாமே தீர்ப்புக் கூறிவிட்டு மருத்துவரை அழையாமல் இருப்பதுதான் பிழை. தயமின் என்னும் சத்துக் குறைவால் வரும் மூளைநோயும் இதே போலத்தான் தோன்றும். அதற்கும் சிகிச்சை உண்டு.

நான் சௌத்ரியிடம் சென்று என் தாளில் கண்டதைச் சொன்னேன். "பாபுஜி, நீங்கள் படித்தவர். ஆனால் மாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. "எனக்குத் தெரியாது, சௌத்ரி சாஹிப். தெரிந்தவரை அழைப்போம்" என்றேன். மறுநாள் நண்பகலில் கால்நடை மருத்துவர் வந்தார். ஓர் இளம் பெண்மணி. கையுறை அணிந்துகொண்டு கன்றின் கண்ணெதிரே கையை விரைந்து நீட்டினார், அது இமைக்கவில்லை. பின்னர்க் கைவிளக்கின் ஒளியைக் கண்ணில் பாய்ச்சினார், கண்மணி சுருங்கிற்று. கண் பழுதாகவில்லை, காண்கின்ற மூளைதான் மரத்துப்போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளமாம். அதன் பிறகு அவர் மாட்டைப் பார்க்கவில்லை. தொழுவத்தைச் சுற்றி நடந்தார்.

தொழுவத்தின் பின்புறச் சார்ப்பைப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா ஒருவருக்குச் சௌத்ரி சிறு வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே உடைத்துக் கவிழ்த்த பாட்டரிப் பெட்டிகள் கிடந்தன. தரையில் சாம்பல் நிறத்தில் களிபோன்ற ஒரு பொருள் காய்ந்து பொருக்காகியிருந்தது. அதன்மேலேயே வைக்கோலும் சரிந்திருந்தது. மருத்துவர் அதைக் காட்டி, "சீஸா" என்றார்.

உடனிருந்த என் தாயார் திடுக்கிட்டு, "ஐயையோ, கன்று சீசாவையா தின்றுவிட்டது?" என்றார். இந்தியில் சீஸா என்றால் காரீயம். ஷீஷா என்றால் கண்ணாடி. நமக்கோ சீசா என்றால் புட்டி. வடக்கே வாழும் தமிழர் இந்த மூன்றையும் ஒருமுறை மனத்திற் பதித்துக்கொள்வது நல்லது. மருத்துவரோ மருந்துக்கடைக்காரரோ 'சீஸா' என்று எச்சரித்தால் அது புட்டியன்று. 'ராங்கா' என்றால் நம்முடைய வெள்ளீயம்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மருத்துவர் முதலில் செய்தது மருந்து கொடுப்பதன்று. மாடுகள் அனைத்தையும் அவிழ்த்து வேறிடத்திற் கட்டச் செய்தார். அங்கிருந்த வைக்கோலையும் நீரையும் விலக்கச் சொன்னார். நஞ்சு உள்ளே போய்க்கொண்டிருக்கையில் மருந்து கொடுப்பது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதைப் போன்றது.

அடுத்து, குடலில் இருக்கும் நஞ்சைக் கட்டுதல். இதற்குப் பேதியுப்பு உதவுகிறது. அதிலுள்ள கந்தகச் சேர்மம் கரைந்த காரீயத்தோடு கூடி, கரையாத பொருளாக மாறுகிறது. அவ்வாறு மாறியது இரத்தத்தில் ஏறாமல் கழிச்சலோடு வெளியேறுகிறது. கிலோ எடைக்குச் சுமார் 400 மில்லிகிராம் என்பது நூல்கள் கூறும் அளவு. ஆனால் இரண்டாம் அறையில் தங்கிய தகட்டுத் துண்டைப் பேதியுப்பு அசைக்காது. அதற்கு வயிற்றைத் திறந்து எடுக்கும் அறுவையே வழி. அதிலும் மணல்போல் சிதறிய துகள்களை முற்றும் எடுத்துவிட இயலாது.

மூன்றாவது, மூளையைக் காத்தல். வைட்டமின் பி1 என்னும் தயமினை ஊசியாகச் செலுத்துகிறார்கள். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 மில்லிகிராம். விலை மலிவானது, எளிதில் கிட்டுவது, தீங்கற்றது, நோயின் வேகத்தைத் தணிப்பது. வலிப்பு வந்தால் அதை அடக்கும் மருந்தும் வேண்டும்.

நான்காவதுதான் காரீயத்தையே உடலிலிருந்து பெயர்த்தெடுக்கும் மருந்து. அதன் பெயர் சற்று நீளமானது: கால்சியம் டைசோடியம் எடிடேட். மனிதருக்கு ஏற்படும் காரீய நஞ்சுக்கு 1950-களிலிருந்து வழங்கி வருவதும் இதுவே. இது நண்டின் கொடுக்கைப் போன்ற மூலக்கூறு. கொடுக்கின் நடுவே கால்சியத்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்துள் நுழைகிறது. அங்கே காரீயத்தைக் கண்டதும், கால்சியத்தை விட்டுவிட்டுக் காரீயத்தைக் கவ்வுகிறது; கவ்வியதைச் சிறுநீர் வழியே வெளியே கொண்டுபோகிறது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 110 மில்லிகிராம் என்ற கணக்கில், இரு வேளையாகப் பகிர்ந்து, மூன்று நாள் கொடுப்பர். இரண்டு நாள் நிறுத்தி, மீண்டும் கொடுப்பர். இடையில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. இரத்தத்திலுள்ள காரீயம் குறைந்ததும், எலும்பிலும் பிற உறுப்புகளிலும் ஒளிந்திருப்பது மெல்ல வெளியே வருகிறது. இரண்டாம் சுற்று அதைப் பிடிப்பதற்காக. இந்த மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை தருவது. உடலிலுள்ள துத்தநாகச் சத்தையும் இழுத்துச் செல்வது. ஆகவே மருத்துவர் கையாலன்றி இதைத் தொடலாகாது.

இங்கே என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வெளியீட்டைத் தமிழாக்கியபோது, இந்த மருந்தின் நீண்ட பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டிருந்தது. நடை தடைப்படுகிறதே என்று, இரண்டாம் முறையிலிருந்து 'கால்சியம்' என்ற முதற் சொல்லை விட்டுவிட்டு, எஞ்சியதை மட்டும் எழுதினேன். கைப்படியைச் சரிபார்த்த மருத்துவ அலுவலர் ஒருவர் என்னை அழைத்து, "ஐயா, நீங்கள் அடித்தது ஒரு சொல்லையன்று, ஒரு மாட்டை" என்றார். கால்சியம் இல்லாத அந்த மற்றொரு மருந்தும் உலகில் இருக்கிறது. அதன் கொடுக்கு வெறுமையாக இருப்பதால், இரத்தத்துள் நுழைந்ததும் அங்குள்ள கால்சியத்தையே கவ்விக்கொள்கிறது, இதயம் நின்றுவிடலாம். பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு; பயனில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு. அன்று முதல், கூறியது கூறல் குற்றம் என்ற இலக்கணத்தை மருந்துச் சீட்டுகளின் முன் நான் கடைப்பிடிப்பதில்லை.

சௌத்ரியின் தொழுவத்துக்குத் திரும்புவோம். பேதியுப்பும் தயமினும் அன்றே கொடுக்கப்பட்டன. எடிடேட் எல்லா மருந்துக்கடையிலும் இருக்கும் மருந்தன்று. தேடிப் பிடித்து வர மறுநாள் மாலையாயிற்று. அதற்குள் கிடாரிக்கு வலிப்புக் கண்டுவிட்டது. ஊசி போட்டும் அது பிழைக்கவில்லை. கன்று பிழைத்தது. ஐந்தாம் நாள் தீனி எடுத்தது. இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு மாலை, என் தாயாரின் கையிலிருந்த கீரைக்கட்டைத் தொலைவிலிருந்தே பார்த்து நடந்து வந்ததாம். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. முதல் நாளே நான் செவி சாய்த்திருந்தால் முதற் கன்றும் பிழைத்திருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அவ்வளவு வேகமாக வந்த நோய் பெரும்பாலும் திரும்பாது. ஆனால் கிடாரிக்கு ஒரு நாள் கூடக் கிடைத்திருக்கும்" என்றார். அந்த ஒரு நாள் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.

நோய் காணாத எருமைகளின் கதை தனி. நோயின் அடையாளமே இல்லாத மாட்டின் இரத்தத்திலும் காரீயம் ஏறியிருக்கலாம். அது பாலிலும் இறங்கலாம். நோயைத் துணிவதற்கு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 35 மைக்ரோகிராம் என்பதை மருத்துவர்கள் ஓர் எல்லையாகக் கொள்கின்றனர். பாலைப் பொறுத்தவரை, ஒரு கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது பன்னாட்டு உணவுத் தர விதி. குழந்தைகளுக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க காரீய அளவு எதுவுமே அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே மருத்துவர் எல்லா எருமைகளின் இரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை பாலை விற்க வேண்டாம் என்றார்.

கறந்த பாலைக் கொட்டு என்று ஒரு பால்காரரிடம் சொல்வது எளிதா? கடன் இருக்கிறது, தீனி வாங்க வேண்டும், இறந்த இரண்டின் இழப்பு வேறு. எங்களுக்கோ எதுவும் தெரியப்போவதில்லை. வெள்ளையாகவே இருக்கும் பால், காப்பி மணத்தோடு இருக்கும். மறுநாள் காலை சௌத்ரி வெறும் பாத்திரத்தோடு வீடு வீடாக வந்தார். "என் பால் இப்போது நல்ல பால் இல்லை. நல்லதானதும் வருகிறேன். அதுவரை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒவ்வொரு வாயிலிலும் நின்று சொன்னார். அச்சிட்ட எச்சரிக்கைகள் பலவற்றை மொழிபெயர்த்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான எச்சரிக்கையை நான் கண்டதில்லை. ஏழு வாரங்களுக்குப் பிறகு, மறு சோதனையில் அளவு இறங்கியதும் அவர் மீண்டும் வந்தபோது, பழைய வீடுகளில் ஒன்றுகூட அவரை விடவில்லை.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவதற்கு எனக்கு ஆசைதான். அந்த ஆண்டு மார்ச் மாதம் எங்கள் வீட்டு இன்வர்ட்டருக்குப் புதிய பாட்டரி வாங்கினோம். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் விலையில் ஒரு தொகை கழித்துக்கொள்வதாகச் சொன்னார். வாசலில் வந்த கபாடிவாலா அதைவிட முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். நான் அவரிடமே கொடுத்தேன். அவர்தான் சௌத்ரியின் பின்சார்ப்பை வாடகைக்கு எடுத்திருந்தவர். அங்கே உடைந்து கிடந்த பெட்டிகளுள் எங்களுடையதும் இருந்ததா என்பதை நான் அறியேன். இல்லை என்று சொல்லவும் என்னால் இயலவில்லை. சௌத்ரியிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாடகை வாங்கியவன் நான்தானே, பாபுஜி" என்றார்.

கபாடிவாலாவையும் கொடியவராக எண்ணிவிட வேண்டாம். அவரும் நஞ்சென்று அறியாமல், வெறுங்கையால் அந்தத் தகடுகளைப் பிரித்தவர். அவருடைய பிள்ளைகளும் அங்கேதான் விளையாடினர். பழைய பாட்டரியை விற்பனையாளரிடமே திருப்பித் தரவேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் விதிகளே கூறின. 2022-ஆம் ஆண்டின் புதிய விதிகள், அவற்றைத் திரும்பப் பெற்று முறைப்படி உருக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியிருக்கின்றன. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்ற விதி 2016-இல் பிறந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. முந்நூறு ரூபாய்க்கு அதைத் தாண்டிச் செல்பவர்கள் நாமே.

இது தில்லிக்கு மட்டும் உரிய கதையன்று. காரீயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலைகளின் அருகே மேய்ந்த மாடுகளையும் எருமைகளையும் பரேலியை அடுத்த இஜத்நகரின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்து அறிஞர்கள் ஆராய்ந்து, 2001-லும் 2005-லும் தம் முடிவுகளை வெளியிட்டனர். மாட்டின் இரத்தத்தில் காரீயம் கூடக் கூடப் பாலிலும் கூடுகிறது என்று அவர்கள் கண்டனர். 1989-இல் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் தீவனத்திலேயே காரீயம் கலந்துவிட, நூற்றுக்கணக்கான பண்ணைகளிலிருந்து பால் வெளியே செல்லாமல் நிறுத்தப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் துறைமுகத்தில் 2006-ஆம் ஆண்டின் இறுதியில் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. கப்பலில் ஏற்றிய காரீயத் தூசியே காரணம். பின்னர்ச் சோதித்தபோது அவ்வூர்க் குழந்தைகளின் இரத்தத்திலும் அது இருந்தது. விலங்குகளும் பறவைகளும் நமக்கு முன்னே சென்று விழுகின்றன. அவை விழுந்த இடத்தில் அடுத்து நிற்பவர் நம் குழந்தைகள்.

ஆகவே நேயர்களே, சில எளிய காரியங்களை மனத்திற் கொள்ளுங்கள். பழைய பாட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கதவு, சன்னல்களின் வண்ணத்தைச் சுரண்டினால், அந்தத் தூளை மாடு மேயும் இடத்திற் கொட்டாதீர்கள். ஊரில் மாடு வைத்திருக்கும் உறவினருக்குக் கடிதம் எழுதும்போதோ தொலைபேசியில் பேசும்போதோ இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மாடு திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டி நின்றால், அதன் வாயைத் தொடாமல், அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும், அது எதை நக்கிற்று என்று தொழுவத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறந்த மாட்டின் இறைச்சியை யாருக்கும் கொடுக்கலாகாது, நாய்க்கும் போடலாகாது, ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டை அறிந்த ஒரு முதியவர் உங்கள் வீட்டில் இருந்து, 'அந்தக் கன்றுக்கு ஏதோ சரியில்லை' என்று சொன்னால், கையிலுள்ள செய்தித்தாளைக் கீழே வையுங்கள்.